இடிபாடு கொட்டிய இடத்தில் நண்டு வளை! அடையாறு தொல்காப்பியப் பூங்காவில் ஒரு காலை

"ஆயா, இங்க முதலை இருக்குமா?"

"முதலையா? அதுக்கு மகாபலிபுரம் ரோட்டுக்குத்தான் போவணும். இங்க நண்டு இருக்கும். சத்தம் போடாம வந்தா காட்றேன்."

சென்னை ராஜா அண்ணாமலைபுரம், டி.ஜி.எஸ். தினகரன் சாலை. தொல்காப்பியப் பூங்கா வாசலில் டிக்கெட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு பேரனின் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார் அந்தப் பாட்டி. வீடு பக்கத்திலேயே, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் சீனிவாசபுரம் குப்பம். பேரன் மூன்றாம் வகுப்பு. இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் பாட்டி இந்த வாசலைத் தாண்டி உள்ளே போவது இதுதான் முதல் தடவை.

அதாவது, வாசலும் வேலியும் வந்த பிறகு முதல் தடவை. அதற்கு முன்னால் அவருக்கு இது அத்துப்படி. "உன் வயசுல இந்தத் தண்ணியில எறங்கி, கையால தடவித் தடவி இறா புடிப்போம்டா. சாயங்காலம் கொழம்பு அதான்" என்கிறார். பையன் நம்பாத முகத்தோடு தண்ணீரைப் பார்க்கிறான்.

உப்பங்கழி என்றால் என்ன?

அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் ஓடிவந்து வங்கக் கடலில் சேர்கிறது. சேரும் இடத்துக்குச் சற்று முன்பே அகலமாக விரிந்து, வடக்கே ஒரு கிளையை நீட்டுகிறது. ஆறாக ஓடாத, ஏரியாகத் தேங்காத தண்ணீர் இது. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும். வற்றும்போது வெளியே போகும். மழைக்காலத்தில் ஊர்த் தண்ணீரும் வந்து கலக்கும். இதைத்தான் அடையாறு உப்பங்கழி என்கிறோம். க்விபிள் ஐலண்ட் என்று பட்டினப்பாக்கத்துக்காரர்கள் சொல்லும் இடம் உண்மையிலேயே தீவு மாதிரி ஆனதற்கு இந்தக் கழி வளைந்து சுற்றுவதுதான் காரணம். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பலருக்கு அந்தப் பெயரில் ஏன் 'ஐலண்ட்' இருக்கிறது என்பதே தெரியாது. சுற்றிலும் கட்டடங்கள் எழும்பிவிட்டதால் தண்ணீர் கண்ணில் படுவதில்லை.

கழியையும் ஆற்று முகத்துவாரத்தையும் சேர்த்துச் சீரமைக்க எடுத்துக்கொண்ட பரப்பு 358 ஏக்கர். அதில் முதல் கட்டமாக 58 ஏக்கரைப் பூங்கா ஆக்கினார்கள். நாம் டிக்கெட் வாங்கி நுழைவது அந்த 58 ஏக்கருக்குள்தான். மீதி, சாலைக்கு அந்தப் பக்கம் கடற்கரை வரைக்கும் போகிறது. எலியட்ஸ் கடற்கரைக்குப் போகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளும் உடைந்த பாலம் இருக்கிறதே, 1967-ல் கட்டி 1977-ல் உடைந்தது, அது நிற்பதும் இந்த முகத்துவாரத்தில்தான்.

ஒரு காலத்தில் பறவை பார்க்கிறவர்களுக்கு இது பெயர் பெற்ற இடம். சென்னையின் இயற்கை ஆர்வலர்கள் சேர்ந்து 1978-ல் தொடங்கிய 'மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி'க்காரர்கள் விடிகாலையில் பைனாகுலரோடு வந்து நிற்கும் இடங்களில் அடையாறு முகத்துவாரமும் ஒன்று.

லாரி வந்த காலம்

பிறகு லாரி வந்தது.

ஊரில் எங்கே பழைய வீட்டை இடித்தாலும் செங்கல்லும் காரையும் இங்கே வந்து விழுந்தன. சதுப்பு நிலம் என்றால் நம் ஊரில் அர்த்தம் என்ன? யாருக்கும் உதவாத பள்ளம், மேடாக்கினால் காசு. சுற்றிலும் குடியிருப்புகள் பெருகின. அவற்றின் கழிவு நீர் கழிக்குள் வந்தது. கரையில் சீமைக்கருவேலம் மண்டியது. பாட்டியின் கணக்குப்படி முதலில் இறால் போனது, அப்புறம் நண்டு போனது. "அப்புறம் இந்தப் பக்கம் மூக்கைப் புடிச்சிக்கினுதான் போவணும்."

1990-களில் கழியின் ஒரு பகுதியில் கட்டடங்கள் வரத் தொடங்கியபோது, நுகர்வோர் அமைப்பு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. காய்கறி எடை குறைந்தால் வழக்குப் போடுவது மாதிரி, ஊரின் ஈர நிலம் குறைந்ததற்கும் ஒரு வழக்கு! அந்த வழக்கும் அதன் பின் வந்த எதிர்ப்புகளும் இல்லையென்றால் மிச்சமிருந்த இடமும் அடுக்குமாடிகளாகி இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. சுற்றியிருக்கும் இடத்தின் சதுர அடி விலையை விசாரித்துப் பாருங்கள், புரியும்.

2006-ல் 'அடையாறு பூங்கா அறக்கட்டளை' என்ற பெயரில் தமிழக அரசு ஓர் அமைப்பை உண்டாக்கியது. இதுதான் 2010-ல் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று பெயர் மாறியது. திட்டம் போட்டுக் கொடுத்தவர்கள் ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் குழுவினர். வறண்டு கிடந்த செம்மண் மேட்டில் நம் கடலோரக் காட்டு மரங்களைத் திரும்ப வளர்த்துக் காட்டிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. 2008 ஜனவரியில் வேலை ஆரம்பித்தது. 2011 ஜனவரி 22-ல் அன்றைய முதல்வர் கருணாநிதி பூங்காவைத் திறந்துவைத்தார்.

பெயர்ப் பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தெய்வம், உணவு, மரம், பறவை என்று கருப்பொருள் வகுத்த நூல் தொல்காப்பியம். கடலும் கழியும் சேர்ந்த நெய்தலில் ஒரு பூங்காவுக்கு அந்தப் பெயர் கச்சிதம். அடையாறு ஆட்டோக்காரர்கள் மட்டும் இன்னும் 'அடையார் பூங்கா' என்றால்தான் வண்டியைத் திருப்புகிறார்கள்.

மரம் நட்டால் மட்டும் போதாது

இந்த இடத்தை மீட்டார்கள் என்றதும் 'நிறைய மரக்கன்று நட்டார்கள்' என்று நினைத்துக்கொள்ளத் தோன்றும். நட்டார்கள்தான். ஆனால், அதற்கு முன்னால் செய்த வேலைதான் பெரிய வேலை. கொட்டிய இடிபாட்டை அள்ள வேண்டும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும். விட்டால் வெட்டிய இடத்திலேயே நாலு கிளையாகத் துளிர்க்கும். தூர்ந்த இடத்தைத் தோண்டித் தண்ணீருக்கு வழிவிட வேண்டும். இதெல்லாம் எதற்கு? கடல் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை உள்ளே வந்து போவதற்கு. அது வந்து போனால்தான் கழி உயிரோடு இருக்கும். வராவிட்டால் எத்தனை கன்று நட்டாலும் அது சாக்கடை ஓரத்துத் தோட்டம்தான்.

காரணம் சேற்றில் இருக்கிறது. சதுப்புச் சேற்றுக்குள் காற்றே கிடையாது. சாதாரண மரத்தின் வேர் அதில் மூச்சுத் திணறிச் செத்துவிடும். பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் சுரபுன்னையைப் பார்த்திருப்பார்கள். அது காலை அகட்டி ஊன்றிக்கொண்டு நிற்கும். வெண்கண்டல் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்களை மேலே நீட்டி, தண்ணீர் வற்றும் நேரத்தில் காற்றை இழுத்துக்கொள்ளும். மூச்சு வேர் என்று பெயர். தண்ணீர் ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் நின்றுவிட்டால் இந்தப் பென்சில்கள் மூழ்கியே கிடக்கும்; மரம் வாடிவிடும். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அலையை ஆற்றுகிற மரத்துக்கு ஏற்றமும் வற்றமும் வேண்டியிருக்கிறது.

பாட்டி குனிந்து சேற்றைக் காட்டுகிறார். "பாரு, பாரு... அந்த ஓட்டையையே பாரு."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அரை நிமிடம் அசையாமல் நின்றதும் சேறு முழுக்க அசைகிறது. கட்டை விரல் நகம் அளவுக்கு நண்டுகள், ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிய கொடுக்கு. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டுகின்றன. "டாட்டா காட்டுது ஆயா!" என்று பையன் கத்த, அத்தனையும் ஒரே நொடியில் வளைக்குள் போய்விட்டன. ஆண் நண்டுக்குத்தான் அந்தப் பெரிய கொடுக்கு. பெண்ணைக் கூப்பிடவும் எதிரியை மிரட்டவும் அதே கையாட்டல்தான்.

இந்த நண்டு வளை தோண்டுவதால் சேற்றுக்குள் காற்றும் தண்ணீரும் இறங்குகின்றன. அலையாத்தி வேருக்கு அது உதவி. அலையாத்தியிலிருந்து விழும் இலை மட்கி நண்டுக்கும் இறால் குஞ்சுக்கும் தீனி. மீன் குஞ்சு சேர்ந்த இடத்துக்குக் கொக்கு வரும். பாட்டி சின்ன வயதில் தடவிப் பிடித்த இறாலுக்கு இந்தச் சங்கிலிதான் மூலம். நடுவில் எங்கே அறுத்தாலும் குழம்பு வராது.

மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு விஷயம். சேற்றிலிருந்து வரும் அழுகிய முட்டை வாசனை எல்லாமே சாக்கடை வாசனை இல்லை. காற்றில்லாத சேற்றில் இலை மட்கும்போது கந்தக வாயு வரும். ஆரோக்கியமான அலையாத்திக் காட்டிலும் அது இருக்கும். அதற்காக இங்கே கழிவு நீரே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அடையாறு சுமந்து வருவது என்ன என்பது சைதாப்பேட்டைப் பாலத்தைக் கடக்கிற எல்லோருக்கும் தெரியும். 58 ஏக்கருக்குள் எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஆற்றிலும் கால்வாயிலும் வருவதை வேலி தடுக்காது.

இன்னொரு சிக்கல் முகத்துவாரத்தில். அலைகள் மணலைத் தள்ளித் தள்ளி ஆற்றின் வாயை அடைக்கப் பார்க்கும். கோடையில் ஆற்றில் ஓட்டம் இல்லாதபோது மணல்மேடு ஜெயித்துவிடும். அப்போது இயந்திரம் வைத்துத் தோண்டித்தான் கடலுக்கு வழிவிடுகிறார்கள். அதையும் தாண்டி வரும் தண்ணீர், சாலைக்கு அடியிலிருக்கும் வழிகளில் நுழைந்துதான் பூங்காவுக்குள் வர வேண்டும். அந்த வழி குறுகலாக இருந்ததுதான் பல வருடப் பிரச்னை. சமீபத்திய புதுப்பிப்பின்போது அதை அகலப்படுத்தும் வேலையையும் கையில் எடுத்தார்கள். புதிதாக வைத்த சிலைகளையும் வளைவுகளையும்விட, யாரும் செல்ஃபி எடுக்காத அந்த வேலைதான் முக்கியமானது.

வாசலை எவ்வளவு திறக்கலாம்?

2011-ல் திறந்தபோதே ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். மெரினா மாதிரி எப்போது வேண்டுமானாலும் போக முடியாது. வாரத்தில் சில நாட்கள், குறிப்பிட்ட நேரம், வழிகாட்டி ஒருவரோடு, குழுவாக. பள்ளிக் குழந்தைகளுக்கென்று தனி நிகழ்ச்சிகள். சென்னையில் எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலாக அலையாத்தி மரத்தைப் பார்த்தது இங்கேதான். மற்றபடி, தினமும் அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு நீண்ட மதில் சுவர்.

இதில் நியாயம் இருந்தது. புதிதாக நட்ட செடி தழைய வேண்டும். பறவை பயம் தெளிந்து கூடு கட்ட வேண்டும். வக்கா என்று ஒரு இராக்கொக்கு உண்டு. பகல் முழுக்க மரக்கிளையில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு தூங்கும். இருட்டியதும் இரைக்குக் கிளம்பும். அதன் தூக்கத்தைக் கெடுத்தால் அது வேறு இடம் பார்த்துக்கொள்ளும். நரி நடமாட்டம்கூட இங்கே பதிவாகியிருக்கிறது. நடுச் சென்னையில் நரி! அது சுவருக்கு உள்ளே இருந்தது என்றால், சுவரும் ஒரு காரணம்.

ஆனால், சுவருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஊர், அதற்கு ஆபத்து வந்தால் ஏன் கவலைப்படும்? கழியில் இறால் பிடித்த குப்பத்து மக்களே வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத இடம், ஊருக்குச் சொந்தம் என்று எப்படிச் சொல்வது? கிண்டி தேசியப் பூங்காவின் காட்டுக்குள் பொதுமக்கள் போக முடியாது. பக்கத்திலேயே சிறுவர் பூங்கா இருப்பதால் தலைமுறை தலைமுறையாக மான் பார்த்துவிட்டு வருகிறோம். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். அதன் ஓரத்தில் நடைபாதை போட்ட பிறகுதான் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமையில் பைனாகுலரோடு வர ஆரம்பித்தன. பார்க்க விடுவதும் பாதுகாப்பில் சேர்த்திதான்.

சுமார் 42 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2025-ல் தொல்காப்பியப் பூங்கா மறுபடியும் திறக்கப்பட்டபோது, பொதுமக்களை இன்னும் தாராளமாக உள்ளே விடுவது என்று முடிவானது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய நடைபாதை வந்திருக்கிறது. இது நல்ல யோசனை. கால் பட்டால் சேறு இறுகும், நண்டு வளை மூடும். மேலே நடந்தால் அந்தக் கவலை இல்லை. மரத்தின் உச்சி கண் மட்டத்துக்கு வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய கொண்டாட்டம். பாட்டிக்கு மட்டும் படி ஏறுவதற்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்க பூவரச நெழல்ல குந்தினு இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

பயம் இல்லாமல் இல்லை. கூட்டம் சேரும் இடத்தில் அடுத்து என்ன கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும். கேன்டீன் வேண்டும், பாட்டு வேண்டும், ராத்திரியில் கலர் லைட் வேண்டும். ஒவ்வொன்றும் சின்ன ஆசைதான். ஆனால், இருட்டு இல்லாவிட்டால் வக்காவுக்கு வேலை இல்லை. உள்ளே ஒரு குடும்பம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்ததும், எங்கிருந்தோ நாலு காக்கை வந்து பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்தன. காக்கை கூடும் இடத்தில் மற்ற பறவைகளின் முட்டைக்குப் பாதுகாப்பில்லை. தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறெதையும் உள்ளே கொண்டுபோகாமல் இருப்பது உத்தமம். ஒன்றரை மணி நேரம் நொறுக்குத்தீனி இல்லாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

போக விரும்புகிறவர்களுக்கு: பறக்கும் ரயிலில் மந்தைவெளியிலோ கிரீன்வேஸ் சாலையிலோ இறங்கினால், அங்கிருந்து ஆட்டோவில் சின்ன தூரம்தான். பழைய சத்யா ஸ்டுடியோ, இப்போதைய எம்.ஜி.ஆர். ஜானகி கல்லூரிப் பக்கம் என்றால் வழி சொல்வார்கள். நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகளின் காலம். வெயில் ஏறும் முன் போனால் முக்குளிப்பானும் நீர்க்காகமும் நிச்சயம். அதிர்ஷ்டம் இருந்தால் மஞ்சள் மூக்கு நாரையும் கிடைக்கும். பைனாகுலர் இல்லையா? பரவாயில்லை, நண்டு பார்க்க அது வேண்டாம். சிவப்பு, ஆரஞ்சு சட்டை போடாமல் மண் நிறத்தில் போட்டுக்கொண்டு போங்கள். கொசு உண்டு, குழந்தைகளுக்கு முழுக்கை நல்லது.

நடைபாதையிலிருந்து இறங்கி ஓடிவந்த பையனுக்கு மூச்சு வாங்கியது. மேலிருந்து ஒரு மீன்கொத்தி தண்ணீருக்குள் விழுந்ததைப் பார்த்தானாம். விழுந்த வேகத்தில் மீனோடு எழுந்ததாம். "தண்ணி கொஞ்சம் மேல ஏறியிருக்கு ஆயா. பென்சில் எல்லாம் பாதிதான் தெரியுது."

பாட்டி புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்து, சேற்றைப் பார்த்தார். "ஏத்தம் ஆரம்பிச்சிடுச்சி. இனிமே நண்டு வெளிய வராது. வா, போவலாம்."

"அப்ப எப்ப வரும்?"

"வத்தத்துக்கு."

"அது எப்ப?"

வாசல் வரைக்கும் அவனுக்கு ஏற்றக் கணக்கும் வற்றக் கணக்கும் சொல்லிக்கொண்டே போனார். அமாவாசையில் எவ்வளவு, அஷ்டமியில் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணி. டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்தில் நின்று பையன் கேட்டான்: "அடுத்த வாரம் வத்தம் காலையில வருமா? அப்ப மறுபடி டிக்கெட் எடுக்கணுமா?"